சீலிங் ஃபேன்: பெரிய இறக்கை, அதிக ஆர்பிஎம் இருந்தால் போதுமா?

கேள்வி: மார்ச் 2, இரவு 9.10

படுக்கையறை 12க்கு 10 அடி. தரையிலிருந்து கூரை 9 அடி. இருக்கிற ஃபேன் ரெகுலேட்டரை 5-ல் வைத்தாலும் சோம்பலாகத்தான் சுற்றுகிறது. 1400 மி.மீ. இறக்கை, 400 ஆர்பிஎம் உள்ளதாகப் பார்த்து ஒன்று வாங்கி மாட்டிவிடலாம் என்றிருக்கிறேன். இறக்கை பெரிது, சுற்று அதிகம் என்றால் காற்று தானாக வரும். மற்றதெல்லாம் விளம்பரம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் காரணத்தோடு மறுக்கவும்.

மார்ச் 2, இரவு 10.25

மறுக்கிறேன். காரணம் அப்புறம். முதலில் பழைய ஃபேனைப் பாருங்கள்.

சுவிட்சை அணைத்துவிட்டு, நின்ற ஃபேனின் இறக்கையை விரலால் லேசாகத் தள்ளுங்கள். தடங்கல் இல்லாமல் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு நின்றால் பேரிங்கில் குறை இல்லை. அப்படியானால் பத்துக்கு எட்டு இடங்களில், மோட்டாரைக் கிளப்பிச் சுற்ற வைக்க உதவும் கண்டன்சர்தான் குற்றவாளி. 230 வோல்ட் ஃபேன்களில் பெரும்பாலும் 2.5 மைக்ரோஃபாராட் இருக்கும். வருடங்கள் போகப் போக அது தன் அளவை இழக்கும். 2.5 என்று மேலே அச்சிட்டிருக்கும், அளந்தால் 1.6 காட்டும். ஃபேன் கிளம்பவே யோசிக்கும், முழு வேகத்துக்கும் வராது. ஒரு சின்னப் பெட்டியை மாற்றினால் முடிகிற வேலைக்கு முழு ஃபேனைக் கழற்ற வேண்டாம்.

மார்ச் 2, இரவு 10.40

சொல்ல விட்டது. மாற்றும்போது அதே அளவைப் போடுங்கள். "3.15 போட்டால் இன்னும் வேகமாகச் சுற்றும்" என்று ஒருவர் கட்டாயம் சொல்வார். சுற்றும்தான். கூடவே மோட்டாரின் கம்பிச்சுருளும் (காயில்) சூடாகும். தயாரிப்பவர் கணக்குப் போட்டு வைத்த அளவை நாம் திருத்தப் போக வேண்டாம். மெயின் எம்சிபியை (மின்சாரத்தை மொத்தமாக நிறுத்தும் சுவிட்சை) இறக்காமல், ஃபேனின் மேல் கப்பை (கூரையோரம் வயரை மறைக்கும் மூடியை) திறக்கவும் வேண்டாம்.

மார்ச் 3, காலை 7.30

இப்போது 1400-க்கும் 400-க்கும் வருகிறேன்.

இரண்டும் ஒரே ஃபேனில் சேர்ந்து வருவது அபூர்வம். இறக்கையின் வடிவம் மாறாமல் ஃபேனின் விட்டத்தைக் கூட்டினால் (1200, 1400 என்று சொல்வது இந்த விட்டத்தைத்தான்), அதே வேகத்தில் சுற்றத் தேவைப்படும் சக்தி விட்டத்தின் ஐந்தாம் அடுக்கில் ஏறும். 1200-லிருந்து 1400-க்குப் போனால் ஏறக்குறைய 2.2 மடங்கு. வேகத்தைக் கூட்டினால் சக்தி மூன்றாம் அடுக்கில் ஏறும்: 10 சதவீதம் வேகம் கூடினால் 33 சதவீதம் அதிகச் சக்தி. ஆகவே பெரிய ஃபேனை மெதுவாகச் சுற்ற வைப்பார்கள், அல்லது இறக்கையின் சாய்வைக் குறைத்துவிடுவார்கள்.

வில்லங்கம் அந்தச் சாய்வில்தான். தட்டையாக வைத்த இறக்கை பயங்கர வேகமாகச் சுற்றும். காற்றைக் கீழே தள்ளாது, வெட்டிக்கொண்டு போகும். பெட்டியில் ஆர்பிஎம் பெரிய எழுத்தில் இருக்கும், கட்டிலில் படுத்தால் ஒன்றும் தெரியாது. அதனால் நான் ஆர்பிஎம்மைக் கடைசியில்தான் பார்ப்பேன். முதலில் பார்ப்பது காற்றளவு, அதாவது நிமிடத்துக்கு எத்தனை கன மீட்டர். சுருக்கமாக சிஎம்எம் என்று போட்டிருப்பார்கள். 1200 மி.மீ. ஃபேனுக்கு 210-க்கு மேல் இருந்தால் நல்லது. சிலர் கன அடியில் போடுவார்கள், எண் பெரிதாகத் தெரியும். ஒரு கன மீட்டருக்கு 35.3 கன அடி. வகுத்துப் பார்த்துவிட்டு ஆச்சரியப்படுங்கள்.

சும்மா ஒரு கணக்கு: 1400 மி.மீ. ஃபேன் 400 சுற்றில் ஓடினால் இறக்கை நுனி மணிக்கு 105 கிலோமீட்டர் வேகத்தில் போகும். தலைக்கு மேலே.

மார்ச் 3, இரவு 9.50

"கண்டன்சர் மாற்றியாயிற்று, வேகம் திரும்பிவிட்டது. ஆனாலும் புதிது வாங்கத்தான் போகிறேன், மனது வந்துவிட்டது" என்று எழுதியிருக்கிறீர்கள்.

மனது வந்தபின் கணக்குக்கு வேலை இல்லை. சரி, வாங்குங்கள். பழையதை வேறு அறைக்கு மாற்றுங்கள், தூக்கிப் போடாதீர்கள்.

வாங்குவதற்கு முன் அறையை அளந்து எழுதுங்கள். அலமாரி, பரண், விளக்கு, கதவு எல்லாம் எங்கே இருக்கின்றன என்பதோடு.

மார்ச் 4, இரவு 8.15

பரண் இருக்கிறது என்று இப்போதுதான் சொல்கிறீர்கள்! நீளச் சுவர் முழுக்க, ஒன்றரை அடி ஆழத்தில்.

அறையின் அகலம் 10 அடி, அதாவது 305 செ.மீ. கொக்கி நடுவில் என்றால் இரு பக்கமும் 152. பரண் 45 செ.மீ. எடுத்துக்கொண்டால் கொக்கியிலிருந்து பரண் விளிம்பு வரை 107. 1200 மி.மீ. ஃபேனின் ஆரம் 60, மிச்சம் 47. 1400-க்கு ஆரம் 70, மிச்சம் 37. இறக்கை நுனிக்கும் பக்கத்துத் தடுப்புக்கும் குறைந்தது 45 செ.மீ. விட வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்களுக்கு 1200 கச்சிதமாக அடங்குகிறது. 1400 அடங்காது.

இந்த இடைவெளி முட்டாமல் இருப்பதற்காக மட்டும் இல்லை. கீழே தள்ளப்பட்ட காற்று தரையில் பரவி, சுவரோரமாக ஏறி, மேலிருந்து திரும்ப இறக்கைக்குள் போக வேண்டும். அந்தச் சுற்றுப்பாதையை அடைத்தால் ஃபேன் தான் தள்ளிய காற்றையே மறுபடி மென்றுகொண்டிருக்கும். பரணில் சூட்கேஸ் அடுக்குகிறவர்கள் விளிம்பைத் தாண்டி நீட்டி வைக்காமல் இருந்தாலே வித்தியாசம் தெரியும்.

மார்ச் 4, இரவு 8.50

உயரத்தை மறந்தேன். 9 அடி என்பது 274 செ.மீ. இறக்கை கூரையிலிருந்து 30 செ.மீ. கீழே இருந்தால் தரையிலிருந்து 244, சரியாக 8 அடி. உங்கள் அறைக்கு இது அளவான உயரம். 7 அடிக்குக் கீழே இறக்கை வரவே கூடாது. சட்டையைத் தலை வழியாகக் கழற்றுகிறவர் கையை எவ்வளவு உயரத்தில் தூக்குகிறார் என்று ஒருமுறை பாருங்கள், காரணம் புரியும். கட்டில் மேல் நின்று கொசுவலை கட்டுகிறவர் வீட்டில் இருந்தால் இன்னும் யோசிக்க வேண்டும்.

கூரையோடு ஒட்டினாற்போல் வரும் மாடல்கள் பார்க்க அழகு. 8 அடிக் கூரைக்கு வேறு வழியில்லாமல் அவைதான். உங்களுக்குத் தேவையில்லை. கூரையை நெருங்க நெருங்க மேலிருந்து காற்று இழுக்க இடம் குறைந்து, காற்றளவு விழும்.

உயரமான கூரை என்றால் நேர் எதிர்: நீள ராடு போட்டு இறக்க வேண்டும். 12 அடிக் கூரையில் ஓரடி ராடோடு தொங்கவிட்டுவிட்டு "காற்றே வரவில்லை" என்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஃபேனைக் குறை சொல்லிப் பயனில்லை.

மார்ச் 5, காலை 6.55

ஒருவர் இடையில் கேட்டது: "மூன்று இறக்கையா, ஐந்தா?" இறக்கை கூடினால் மோட்டாருக்குப் பளு கூடும், வேகம் குறையும், சத்தமும் ஓரளவு குறையும். காற்று மட்டும் வேண்டும் என்றால் மூன்று போதும். ஐந்து வைத்ததை அலங்காரக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

மார்ச் 6, இரவு 10.05

பிஎல்டிசி பற்றி, அதாவது நிரந்தரக் காந்தமும் எலக்ட்ரானிக் போர்டும் வைத்த மோட்டாரில் ஓடும் ஃபேன்கள் பற்றி. சில வருடங்களுக்கு முன் கேட்டிருந்தால் "எதற்கு அந்தத் தலைவலி" என்று சொல்லியிருப்பேன். இப்போது என் வீட்டில் அதிகம் ஓடுகிற ஃபேன்கள் எல்லாம் அவைதான்.

சாதாரண இண்டக்‌ஷன் ஃபேன் முழு வேகத்தில் 70 முதல் 80 வாட் எடுக்கும். அதே காற்றுக்கு பிஎல்டிசி 28 முதல் 35. வித்தியாசம் 45 வாட் என்று வைத்து, நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் வருடத்துக்கு ஏறக்குறைய 200 யூனிட் மிச்சம். இது ஒரு ஃபேனுக்கு. மெதுவான வேகத்தில் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று தெரியும். சுற்றுகிற காந்தம் ஃபேனின் வெளிக் கூட்டில் நிரந்தரமாக ஒட்டியிருப்பதால், ரோட்டருக்குள் (மோட்டாரின் சுற்றுகிற பகுதிக்குள்) மின்சாரத்தைத் தூண்டி அங்கே சூடாக வீணடிக்க வேண்டியதில்லை. உள்ளே இருக்கும் காயில்களுக்கு எந்த நேரத்தில் எவ்வளவு கொடுப்பது என்பதைச் சின்ன போர்டு ஒன்று பார்த்துக்கொள்கிறது.

அந்தப் போர்டுதான் பலவீனமும். இண்டக்‌ஷன் ஃபேனில் கெடக்கூடியது கண்டன்சர், பேரிங், எப்போதாவது காயில். எவரும் சரிசெய்துவிடுவார். இதில் போர்டு போனால் அதே மாடல் போர்டு வேண்டும். மின்னழுத்தம் தாவுகிற இடமாக இருந்தால் வீட்டுக்கு ஒரு சர்ஜ் தடுப்பான் போடுவது புத்திசாலித்தனம். வாங்கும்போது உத்தரவாதம் மோட்டாருக்கு மட்டுமா, போர்டுக்கும் சேர்த்தா என்று கேளுங்கள்.

வருடத்தில் எப்போதோ திறக்கிற விருந்தினர் அறைக்கு இது தண்டம். அங்கே பழையதே ஓடட்டும்.

மார்ச் 6, இரவு 10.30

முக்கியமானது: பிஎல்டிசி ஃபேனைச் சுவர் ரெகுலேட்டர் வழியாக ஓட்டக்கூடாது. ரெகுலேட்டரை வயரிங்கிலிருந்து எடுத்துவிட்டு சுவிட்சிலிருந்து நேராக இணைக்க வேண்டும். "5-ல் வைத்துவிட்டால் போதுமே" என்பார்கள். யாராவது ஒருநாள் அந்தக் குமிழைத் திருப்புவார்கள், போர்டு முனகும். வீட்டில் குமிழ் என்று ஒன்று இருந்தால் அதைத் திருப்ப ஆளும் இருக்கும்.

மார்ச் 7, பிற்பகல் 1.20

"ரெகுலேட்டர் எந்த எண்ணில் இருந்தாலும் மின்சாரம் ஒரே அளவுதான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பாதி சரி. பெரிய டப்பா மாதிரி சூடாகிக்கொண்டிருக்கும் பழைய ரெகுலேட்டர் மின்தடை வைத்து வேலை செய்வது. ஃபேனுக்குக் குறைத்ததில் ஒரு பங்கு அங்கே சூடாகப் போய்விடும். அப்போதும் மொத்தச் செலவு கொஞ்சம் குறையும், எதிர்பார்க்கிற அளவு குறையாது. இப்போது வருகிற, கிளிக் கிளிக் என்று படிப்படியாகத் திரும்பும் ரெகுலேட்டர்கள் உள்ளே கண்டன்சர் வைத்தவை. அவற்றில் வீணாவது மிகக் குறைவு. விளக்கு டிம்மரைப் போல வழுக்கிக்கொண்டு திரும்பும் வகையில் ஃபேன் "ம்ம்ம்" என்று இழுக்கும். ராத்திரியில் எரிச்சல்.

மார்ச் 8, இரவு 9.00

மாட்டுகிற வேலை. இதைத்தான் நீளமாக எழுத நினைத்திருந்தேன். எந்த ஃபேன் என்பதற்கு ஒரு வாரம் யோசிப்பவர்கள், அது எதில் தொங்கப் போகிறது என்று ஒரு நிமிடம் நிமிர்ந்து பார்ப்பதில்லை.

கொக்கி. கான்கிரீட்டோடு சேர்த்து வார்த்த கம்பிக் கொக்கியா, பிறகு துளையிட்டு வைத்ததா என்று பாருங்கள். பழைய ஃபேனை இறக்கியதும் டார்ச் அடித்து, யூ கிளாம்ப் (ராடைக் கொக்கியில் தொங்கவிடும் யூ வடிவப் பிடி) உட்கார்ந்திருந்த வளைவை விரலால் தடவுங்கள். வருடக்கணக்கில் இரும்பும் இரும்பும் தேய்ந்து அந்த இடத்தில் பள்ளம் விழுந்திருக்கலாம். துரு மேலே பொடியாக மட்டும் இருந்தால் பரவாயில்லை. செதில் செதிலாக உரிந்தாலோ, பள்ளம் ஆழமாக இருந்தாலோ அந்தக் கொக்கியை நம்பக்கூடாது. கொக்கிக்கும் கிளாம்புக்கும் இடையில் ஒரு ரப்பர் புஷ் உண்டு. பழையது கல்லாக இறுகியிருக்கும். புதியதோடு வருவதைப் போடுங்கள், தேய்மானமும் சத்தமும் குறையும்.

ஃபேனின் எடை 4, 5 கிலோதான் இருக்கும். அதை வைத்து அலட்சியம் வேண்டாம். நிற்கிற எடை வேறு, வருடக்கணக்கில் ஆடி அதிர்கிற எடை வேறு. துளையிட்டு வைக்கிறீர்கள் என்றால் ஆங்கர் போல்ட் கான்கிரீட்டுக்குள் பிடிக்க வேண்டும், பூச்சுக்குள் பிடித்தது கணக்கில் வராது. மரக்கட்டையைத் துளையில் அடித்து ஸ்க்ரூ போடுவதை எவர் செய்தாலும் நிறுத்துங்கள். ஜிப்சம் பொய்க்கூரை எதையும் தாங்காது. அதற்கு மேலே உள்ள கான்கிரீட்டிலிருந்து ராடு இறங்கி வர வேண்டும்.

அப்புறம் போல்ட்டுகள். ராடின் மேல் முனையில் ஒன்று, மோட்டார் பக்கம் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் நட், அந்த நட் கழன்று வராமலிருக்க ஒரு ஸ்பிளிட் பின். பின்னின் இரண்டு கால்களையும் விரித்து மடக்கினால்தான் அது இருந்தும் பயன்.

என் வீட்டில் மாட்டிய அன்று, நான் ஏணியின் கீழ் நின்று மோட்டாரைத் தோளில் தாங்கிக்கொண்டிருந்தேன். எலக்ட்ரீஷியன் மேலிருந்து, "சார், பின் ஒண்ணு காணோம். ஆணியை வளைச்சுப் போட்டுடவா? அது பாட்டுக்கு நிக்கும்" என்றார். "இறக்குங்க அண்ணே" என்றேன். முகம் சுளித்துக்கொண்டே இறக்கினார். பெட்டிக்குள் தெர்மோகோல் மடிப்பில், பசைத்தாளோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது அந்தப் பின். அதற்குப் பிறகு எந்த ஃபேன் வாங்கினாலும் பெட்டியைப் பிரித்ததும் ஆணி, நட், பின் எல்லாவற்றையும் ஒரு தட்டில் கொட்டி, காகிதத்தில் போட்டிருக்கிற பட்டியலோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் ஏணியை எடுக்கச் சொல்வேன்.

பல ஃபேன்களில் பாதுகாப்புக்காக ஒரு இரும்பு வயரும் வரும். அதைக் கொக்கியில் இல்லாமல் வேறொரு பிடிப்பில் மாட்ட வேண்டும். கொக்கியே போனால் தாங்குவதற்காகத்தான் அது. கொக்கியிலேயே மாட்டினால் இரண்டும் சேர்ந்து கீழே வரும்.

மார்ச் 8, இரவு 9.35

வயரிங். எம்சிபியை இறக்கியபின் டெஸ்டரால் பார்க்கவும். அதற்கு முன் அந்த டெஸ்டர் வேலை செய்கிறதா என்று மின்சாரம் உள்ள வேறொரு பிளக்கில் பார்க்கவும். சுவிட்சை மட்டும் அணைத்துவிட்டுத் தொடுவது வேண்டாம். பழைய வீடுகளில் சுவிட்ச், மின்சாரம் வரும் வயரில் இல்லாமல் நியூட்ரல் வயரில் போய் உட்கார்ந்திருக்கும். ஃபேன் நின்றிருக்கும், மேலே வயரில் மின்சாரம் இருக்கும்.

எர்த் வயரை "தேவையில்லை" என்று சுருட்டி கப்புக்குள் திணிப்பது பரவலான பழக்கம். உலோக உடல் உள்ள சாதனம், தேவைதான். கூரைப் பெட்டிக்கு எர்த் வந்திருக்கிறதா என்று முதலிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கு வயரிங் பழக்கம் இல்லை என்றால் பழகியவரைக் கூப்பிடுங்கள். மேலே எழுதியதெல்லாம் அவர் செய்வதைக் கீழே நின்று கவனிப்பதற்கு.

மார்ச் 10, இரவு 10.10

"ஃபேன் போட்டும் தெர்மாமீட்டர் அரை டிகிரிகூட இறங்கவில்லை, ஏமாற்றிவிட்டார்கள்." யாரோ சிரிக்காமல் எழுதியிருக்கிறார்.

இறங்காது. மோட்டார் தன் பங்குக்குக் கொஞ்சம் சூட்டைத்தான் சேர்க்கும். ஃபேன் குளிர்விப்பது உங்களை: தோலை ஒட்டி நிற்கிற வெப்பக் காற்றை விலக்கும், வியர்வையை உலர்த்தும். தெர்மாமீட்டருக்கு வியர்க்காது. ஆளில்லாத அறையில் ஃபேனை ஓடவிட்டால் அறை குளிர்ந்திருக்கும் என்று நினைக்கிறவர்களுக்கும் இதேதான் பதில். அறையின் காற்றே உடம்புச் சூட்டைவிட அதிகமாகப் போனால் ஃபேனை மட்டும் நம்பி உட்காரக்கூடாது, முதியவர்கள் விஷயத்தில் இன்னும் கவனம்.

மின்சாரக் கூரை ஃபேனை ஆரம்பித்து வைத்தவர்களில் ஒருவர் ஃபிலிப் டீல். அமெரிக்காவில் தையல் மெஷினுக்கு மின் மோட்டார் செய்துகொண்டிருந்தவர், 1880-களில் அந்த மோட்டாரைக் கூரையில் மாட்டி இறக்கை வைத்தார். அதற்கு முன்னால் அங்கே தண்ணீர் சக்கரத்திலிருந்து பெல்ட் இழுத்து வரிசையாகக் கூரை விசிறிகளைச் சுற்ற வைத்தார்கள். மோட்டார் வந்தபின் ஒவ்வொன்றும் தனியாகச் சுற்றலாம் என்றாயிற்று.

மார்ச் 14, இரவு 9.20

மாட்டியாயிற்று, 1200 மி.மீ., சந்தோஷம். ஆடுகிறது என்கிறீர்கள்.

லேசான ஆட்டம் என்றால் பயம் வேண்டாம், ஆனால் அப்படியே விடவும் வேண்டாம். முதலில் எல்லா இறக்கை ஸ்க்ரூவையும் முடுக்குங்கள். அடுத்து, ஏணியில் ஏறி ஒரு இறக்கையின் நுனிக்கும் கூரைக்கும் உள்ள தூரத்தை ஸ்கேலால் அளந்து, ஸ்கேலை நகர்த்தாமல் அடுத்த இறக்கையை அதே இடத்துக்குச் சுற்றிக் கொண்டுவந்து அளங்கள். மூன்றும் ஒன்றுபோல வர வேண்டும். 3 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்த இறக்கையின் பிடி வளைந்திருக்கிறது.

அளவு சரியாக இருந்தும் ஆடினால் எடைச் சமநிலை. இறக்கையின் நடுவில், பின் விளிம்பில் ஒரு கிளிப்பை மாட்டி ஓடவிடுங்கள். ஒவ்வொரு இறக்கையிலும் மாட்டிப் பார்த்தால் ஒன்றில் ஆட்டம் குறையும். அதில் கிளிப்பை உள்ளும் வெளியும் நகர்த்தி நல்ல இடத்தைக் கண்டுபிடித்து, மேற்பக்கம் சின்ன எடையை ஒட்டிவிட்டுக் கிளிப்பைக் கழற்றிவிடுங்கள். இறக்கைகள் ஒரே பெட்டியில் வந்த மூன்றும்தானே? எடை பார்த்துச் சேர்த்துத்தான் பெட்டியில் வைப்பார்கள். இரண்டு ஃபேன்களை ஒரே நாளில் மாட்டும்போது இறக்கைகள் கலந்துபோவது உண்டு.

மார்ச் 14, இரவு 9.45

ஆட்டமில்லாமல் "டக் டக்" சத்தம் மட்டும் என்றால் மேல் கப்பைப் பாருங்கள். கூரையை அழுத்திக்கொண்டிருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் உரசும். சில மில்லிமீட்டர் கீழே இறக்கி ஸ்க்ரூவை முடுக்கினால் போதும்.

மார்ச் 16, காலை 7.10

கிளிப் வேலை செய்ததாக எழுதியிருக்கிறீர்கள். நல்லது. அந்த எடையோடு வருகிற பசை, தூசி மேல் ஒட்டாது. துடைத்துவிட்டு ஒட்டியிருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

தூசி பற்றிக் கேட்டதற்கு: காற்றை வெட்டிப் போகிற முன் விளிம்பில்தான் கெட்டியாகப் படியும். அது சமமில்லாமல் படிந்தாலும் ஆட்டம் வரும். பழைய தலையணை உறையை இறக்கை மேல் நுழைத்து இழுத்தால் தூசி உறைக்குள்ளேயே விழும். இழுக்கும்போது இன்னொரு கையால் இறக்கையை அடியில் தாங்கிக்கொள்ளுங்கள். கீழ்நோக்கி அழுத்தித் துடைத்தால் பிடி வளைந்து, மறுபடி ஸ்கேலோடு ஏணி ஏற வேண்டிவரும்.